நின்றபடி குடித்த தேத்தண்ணி

என் மனைவி கல்யாணத்துக்கு முன்னால் கொழும்புப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் வேலை செய்தவள். தையல் மெஷினில் தொடங்கி, ஒரு வரிசைப் பெண்களைக் கவனித்துக்கொள்ளும் சூப்பர்வைசர் வரைக்கும் போயிருந்தாள். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ வந்தபோது எதையும் இடம் மாற்றி வைக்கும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டாள். வந்த வாரமே, லயம் என்கிற வரிசை வீட்டில் எங்கள் காம்பராவில் அம்மாவின் மிளகாய்த்தூள் டின் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"எட்டி எட்டி எடுக்கிறீங்க மாமி, கை வலிக்காதா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் டின் பழைய இடத்துக்கே போயிருந்தது. அதற்குப் பிறகும் அது அங்கும் இங்குமாக நகர்ந்துகொண்டே இருந்தது, இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நடுவில் நான் சாப்பிட்டு முடித்து லொறியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

எனக்குச் சொந்தமாக ஒரு சின்ன லொறி இருக்கிறது. ஹட்டனிலிருந்து டிக்கோயாவுக்குச் சாமான், தோட்டத்திலிருந்து நுவரெலியா சந்தைக்கு மரக்கறி, நடுவில் யார் வீடு மாறினாலும் அவர்களுடைய கட்டில் அலமாரி. இப்படியே சில வருடம் ஓடி, எங்கள் மகளும் பள்ளிக்குப் போகத் தொடங்கியபோதுதான் லயத்துக்கு வெளியே வீடு கட்டிக்கொள்ள எங்களுக்கும் காணி கிடைத்தது. தேயிலைச் சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒரு படியில் நாலு துண்டு, நாலு குடும்பம்; எங்களுடையது பாதைப் பக்கம், மூன்றாவது துண்டு எல்லாவற்றுக்கும் உள்ளே. பாதை மேலே இருந்தது. லொறி பாதையோடு நின்றுவிடும். அதற்குக் கீழே எல்லாவற்றையும் தலையிலும் தோளிலும்தான் இறக்க வேண்டும்.

நாலு குடும்பமும் சேர்ந்து ஒரே பாஸைப் பேசினோம். மேசன் வேலை செய்கிறவரை இங்கே பாஸ் என்போம். இவர் வலப்பனைப் பக்கத்துச் சிங்களவர். ஐம்பது வயது இருக்கும். நன்றாகத் தமிழ் பேசுவார், எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'தானே' வந்துவிடும். தன் ஆட்களோடு வந்து எங்கள் காணிக்குப் பக்கத்திலேயே ஒரு தகரக் கொட்டகை போட்டுத் தங்கிக்கொண்டார்.

ஆரம்பித்தபோது எங்களுக்கு இருந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது. விலை ஏறிவிடும் என்று பயந்து நாலு வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் வாங்கினோம். மணல், சீமெந்து, கல், கம்பி, இன்னும் அத்திவாரமே வெட்டாத வீட்டுக்குக் கூரைத் தகடு. வந்ததெல்லாம் என் லொறியில்தான் வந்தது. நான் ராஜா மாதிரி ஓடினேன். கீழே அந்தச் சின்ன இடத்தில் கால் வைக்க வழியில்லாமல் குவிந்தது. நாலு வீட்டிலும் நாலு விதமான வேலை அரைகுறையாக நின்றது. பாஸை ஒருவர் மாற்றி ஒருவர் தங்கள் பக்கம் இழுத்தார்கள்.

பிறகு மழை வந்தது. எங்கள் மணலில் பாதி தேயிலை வடிகால் கானுக்குள் ஓடியது. மூன்றாவது வீட்டு அக்கா அடுக்கி வைத்திருந்த சீமெந்து மூட்டைகள் அடியில் ஈரம் பிடித்துக் கல்லாகிவிட்டன. அவர் இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறவர். வேலை விட்டு வந்து, அந்த மூட்டையை விரலால் குத்திப் பார்த்துவிட்டு, கூடையைக்கூட இறக்காமல் அப்படியே நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

அதற்கு அடுத்த நாள் என் மனைவி மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, குடையும் எடுத்துக்கொண்டு வேலை நடக்கும் இடத்துக்குப் போனாள். ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். பின்னேரம் வரைக்கும் எழுந்திருக்கவில்லையாம். ஒருவரிடமும் பேசவும் இல்லையாம். பாஸ் என்னிடம் வந்து, "மல்லி, வீட்டில ஏதாவது கோபமா? நங்கி சும்மா பாத்துக்கிட்டே இருக்காங்க தானே. எங்களுக்குப் பயமா இருக்கு" என்றார். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி, நங்கி என்றால் தங்கை. எங்கள் இருவருக்கும் அவர் வைத்த பெயர் கடைசிவரை அதுதான்.

அன்று சோறு போட்டுவிட்டு அவள் சொன்னாள்: "பாஸ் நல்ல வேலக்காரருங்க. ஆனா அவர வேல செய்ய விட மாட்றீங்க."

"யாரு?"

"நீங்கதான். உங்க லொறிதான்."

அவள் நிதானமாக விளக்கினாள். பாஸின் ஆட்கள் கல் வைத்த நேரத்தைவிடக் கல்லைத் தேடிய நேரம்தான் அதிகமாம். முதல் வீட்டு மணலைத் தாண்டிப் போக முடியாமல் இரண்டாவது வீட்டுக் கல்லை ஒரு முறை இந்தப் பக்கம், ஒரு முறை அந்தப் பக்கம் தூக்கி வைத்தார்களாம். கலவை போட்டுவிட்டுக் கம்பி வரவில்லை என்று காத்திருந்தார்களாம். கலவை இறுகியதும் அள்ளிக் கொட்டினார்களாம்.

"எங்க ஃபேக்டரியில ஒருத்தி முன்னுக்குத் துணி குமிஞ்சிருந்தா, அது அவ கெட்டிக்காரத்தனம் இல்ல. எங்கயோ கோளாறுன்னு அர்த்தம். அடுத்தவ கை நீட்டும்போதுதான் துணி போகணும். தையல் கோணினா யாரா இருந்தாலும் லைட்ட போட்டு வரிசைய நிறுத்தலாம். நேத்து சேந்த புள்ளகூட நிறுத்தலாம். யாரும் ஏச மாட்டாங்க."

"அது சட்டை" என்றேன்.

மறுநாள் பாஸும் அதையேதான் சொன்னார். "நங்கி, இது சட்டை இல்ல தானே. வீடு தானே."

"சட்டைக்கும் நாலு பக்கம், கழுத்துக்கு ஒரு வாசல், கைக்கு ரெண்டு ஜன்னல். என்ன பாஸ் வித்தியாசம்?"

பாஸ் சாந்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் அவர் பாதி ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

அவள் கேட்டது இவ்வளவுதான். நாலு வீட்டையும் ஒன்றாகத் தொடாமல் வேலையை வரிசையாக நகர்த்துவது. அத்திவாரம் போடுகிறவர்கள் முதல் வீட்டை முடித்து இரண்டாவதுக்குப் போனதும், பின்னாலேயே கல் வைக்கிறவர்கள் முதல் வீட்டுக்குள் வருவது. அவர்களுக்குப் பின்னால் கூரை, அதற்குப் பின்னால் பூச்சு. சாமானும் அதே வேகத்தில், நாளை வேலைக்கு வேண்டியது இன்று வந்தால் போதும்.

சொல்ல எளிதாக இருந்தது. ஆனால் எந்த வீடு முதலில் என்ற கேள்வி வந்ததும் மற்ற மூன்று வீட்டுக்காரரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாதைக்கு தூரமா இருக்கிற வீடு முதல்ல" என்றாள் மனைவி. "இல்லாட்டி கட்டின வீட்டுச் செவரெல்லாம் சாமான் தூக்கியே இடிபடும். மூணாவது வீட்டு அக்காவுதுதான் ரொம்ப உள்ளுக்கு. அதுல ஆரம்பிப்போம். எங்க வீடு பாதையோட இருக்கு. அது கடைசி."

அம்மா வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள். "ஊருக்கெல்லாம் கட்டிட்டு நம்ம வீட்ட கடைசிலயா?"

"நம்ம வீட்ட முதல்ல வச்சா யாரு மாமி என் பேச்சக் கேப்பாங்க?"

ஆனால் அன்றைக்கு மனைவி அடுப்புப் பக்கம் வைத்த மிளகாய்த்தூள் டின்னை அம்மா திருப்பி நகர்த்தவில்லை.

ஹட்டனில் நாங்கள் எப்போதும் சாமான் எடுக்கும் ஹாட்வெயார் கடை ஒரு முஸ்லிம் அண்ணனுடையது; நானா என்றுதான் கூப்பிடுவோம். நான் போய், ஏற்கனவே கொடுத்த ஓடரில் இன்னும் எடுக்காத மிச்சத்தைக் கடையிலேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, கொஞ்சம் சீமெந்து மட்டும் கேட்டேன்.

"என்ன தம்பி, வீடு கட்டுறீங்களா, கோழிக்கூடு கட்டுறீங்களா?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். ஆனாலும் எங்கள் சாமானை ஒரு மூலையில் தனியாக அடுக்கிவைத்தார். நான் தினமும் வந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் போனதில் அவருக்கும் பேச ஓர் ஆள் கிடைத்தது.

காலையில் வேலை தொடங்குமுன் எல்லாரும் ஒன்றாக நின்று தேத்தண்ணி குடிக்க வேண்டும் என்பது அவளுடைய அடுத்த ஏற்பாடு. உட்காரக்கூடாது. உட்கார்ந்தால் பேச்சு நீளும். வீட்டிலிருந்து பெரிய கேத்தலில் பிளேன்டீ போட்டு, இஞ்சி தட்டிப்போட்டு, அவளே கொண்டுபோனாள்.

தோட்டத்தில் ஒரே கேலி. விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக்கொடுப்பதைத்தான் நாங்கள் பெரட்டு என்போம். "பெரட்டுக்குப் போயிட்டு வந்து இன்னொரு பெரட்டா?" என்று கேட்டார்கள். தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் கண்டாக்கை இழுத்து அம்மாவும் விடவில்லை: "தோட்டத்துக் கண்டாக்கு போதாதுன்னு வீட்டுக்குள்ளயே ஒரு கண்டாக்கு."

ஆனால் இரண்டும் ஒன்றில்லை என்பது எனக்குச் சில நாட்களிலேயே புரிந்தது. பெரட்டில் எங்களிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, சொல்வார்கள். இவள் கேட்டாள். "இன்னைக்கு எவ்வளவு முடியும்னு நீங்களே சொல்லுங்க பாஸ். அதுக்கு என்ன வேணும், என்ன இல்ல?"

பாஸ் முதல் நாள் பெரிதாகச் சொன்னார். "ஹரி, ஹரி, சரி, ஜன்னல் மட்டம் வரைக்கும் ஏத்திடலாம் தானே." பின்னேரம் பார்த்தால் பாதிகூட ஏறவில்லை. மறுநாள் காலை அவர் தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார். ஏச்சு வாங்கத் தயாராக நின்றார் என்று நினைக்கிறேன்.

"என்ன பாஸ் தடுத்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர் தடுத்திருந்தது. மலையூற்றுப் பீலியிலிருந்து தண்ணீர் சுமந்து வரவே ஓர் ஆளுக்கு முழுநாளும் போய்விட்டது. அன்றே நான் ஒரு பழைய பீப்பாயும் குழாயும் கொண்டுவந்து கொடுத்தேன். அதற்குப் பிறகு பாஸ் சிறிதாகச் சொல்லிப் பெரிதாகச் செய்ய ஆரம்பித்தார்.

ஃபேக்டரி லைட்டுக்குப் பதிலாகத் தன்னுடைய சிவப்புத் துப்பட்டா ஒன்றை அவள் கொட்டகைக் கம்பில் சுருட்டிவைத்தாள். கோளாறு எதையாவது கண்டால் யாரும் அதை விரித்துத் தொங்கவிடலாம். வேலை நிற்கும், எல்லாரும் கூடிப் பார்த்துச் சரிசெய்வார்கள். பல நாள் யாரும் அதைத் தொடவில்லை. தொட்டது யார் தெரியுமா? அம்மா.

மூன்றாவது வீட்டு அக்காவின் முன்வாசல் நிலையை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா மேலே பாதையிலிருந்து பார்த்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேகமாக இறங்கி வந்தாள். நேரே கொட்டகைக்குப் போய்த் துப்பட்டாவை விரித்தாள். எல்லாரும் திகைத்து நின்றார்கள்.

"என்ன மாமி? நிலை கோணியிருக்கா?" என்று ஓடிவந்தாள் மனைவி.

"நிலை நேராத்தான் இருக்கு. நேரந்தான் கோணியிருக்கு. ராகு காலத்துல யாராச்சும் வாசல் வைப்பாங்களா?"

மனைவியின் முகம் போன போக்கை என்னால் இன்றும் மறக்க முடியாது. ஆட்கள் கை நிறையக் கலவையோடு நிற்கிறார்கள். அவள் பாஸைத் துணைக்குப் பார்த்தாள். பாஸ் ஏற்கனவே மட்டப்பலகையைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

"அம்மா சொல்றது சரி தானே நங்கி. ராகு காலம் எங்களுக்கும் இருக்கு."

அவள் ஆட்களிடம் கலவையைக் கீழே வைக்கச் சொன்னாள். பிறகு, "சரி. யாரும் நிறுத்தலாம்னு நாந்தானே சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் திரும்பினாள். "நாளைக்கு எத்தன மணிக்கு மாமி வருது?"

அதன்பிறகு அம்மா காலைத் தேத்தண்ணிக்கு வராமல் இருந்ததில்லை. கையில் கோப்பையோடு நடுவில் நின்று அன்றைய ராகு காலத்தை அறிவிப்பாள். அந்த நேரத்தில் யாரும் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். கல் சுமப்பார்கள், சாரக்கட்டையைக் கழற்றுவார்கள், கருவிகளைக் கழுவுவார்கள். அவை எப்படியும் செய்ய வேண்டிய வேலைகள்தான். மனைவிக்கு மனம் ஆறிவிட்டது. அம்மாவுக்கோ, தான் இல்லாவிட்டால் வேலையே நடக்காது என்ற எண்ணம் வந்துவிட்டது.

இரண்டு வீடுகளுக்குச் சுவர் எழும்பி, அடுத்ததுக்குக் கல் ஏறிக்கொண்டிருந்தபோது அடைமழை பிடித்தது. ஒரு காலையில் லொறியை எடுத்துக்கொண்டு போனால், டவுனுக்குப் போகும் பாதையில் மண் சரிந்து, ஒரு சவுக்கு மரத்தோடு குறுக்கே கிடக்கிறது. யாருக்கும் காயம் ஒன்றுமில்லை. ஆனால் பாதை எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. நானாவின் கடை மூலையில் எங்கள் சீமெந்து பத்திரமாக இருந்தது. எங்களிடம் ஒரு மூட்டைகூட இல்லை.

வேலை நின்றது. அன்று பின்னேரம் மூன்றாவது வீட்டு அக்கா வந்தார். கோபமாகப் பேசவில்லை. "நம்ம பழைய மாதிரி கொஞ்சம் குமிச்சு வச்சிருந்தா, இப்ப வேல நடந்திருக்கும்ல?" என்றார்.

"ஆமாக்கா. நடந்திருக்கும்" என்றாள் மனைவி.

அவர் போனபிறகு அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். எப்போதும் ஏதாவது நகர்த்திக்கொண்டே இருக்கும் கை சும்மா இருந்தது. எனக்கு அவளைத் தேற்ற வரவில்லை. "மழைக்கு நீ என்ன பண்ணுவ?" என்றேன். "மழை வரும்னு தெரியாதா எனக்கு?" என்றாள். அம்மா உள்ளேயிருந்து வந்து, அவளுக்கு ஒரு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தட்டில் வைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் வேலை இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவள் கேத்தலை எடுத்துக்கொண்டு போனாள். நானும் பின்னால் போனேன். பார்த்தால் பாஸும் ஆட்களும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வழக்கமான இடத்தில் நிற்கிறார்கள். அக்காவும் அவருடைய வீட்டுக்காரரும்கூட வந்திருந்தார்கள்.

"நான் நெனச்சது தப்பு" என்றாள் மனைவி. "ஃபேக்டரிக்கு வாற ரோட்டு மூடாது. இங்க மூடும். அத நான் கணக்கில எடுக்கல."

பாஸ்தான் கோப்பையைக் காலி பண்ணிவிட்டு, அவள் தினமும் கேட்பதைத் தானே கேட்டார். "சரி நங்கி. இன்னைக்கு என்ன இருக்கு? என்ன இல்ல?"

சீமெந்து இல்லை, மணல் இல்லை, கம்பி இல்லை. கருங்கல் இருந்தது. காணி வெட்டியபோது வெளியே வந்த கல், ஓரத்தில் மலைபோலக் கிடந்தது. ஆட்கள் இருந்தார்கள். பாதையிலிருந்து வீடுகளுக்கு இறங்கும் வழி வெறும் சேறு. அம்மா அதில் இரண்டு முறை சறுக்கி விழுந்திருக்கிறாள்.

"கல்லுக்குக் கல்லு பூட்டி அடுக்கினா சீமெந்து வேணாம் தானே" என்றார் பாஸ்.

பாதை மூடிக்கிடந்த நாட்களில் நாங்கள் அந்தப் படிக்கட்டைக் கட்டினோம். நாலு வீட்டு ஆண்களும் பெண்களும் தோட்ட வேலை முடிந்து வந்து கல் உருட்டினோம். தேயிலைக் கரையில் கல் அடுக்கிப் பழகியவர்கள் எங்களில் பலர். பாஸ் ஓர் இடத்தில் கோணல் என்று சொன்னால், நாங்கள் வேறு இடத்தில் அவருடைய கோணலைக் காட்டினோம். என் மனைவிக்கு முழங்கை வரை சேறு. நெற்றியில் ஒரு கோடு சேறு. மழை விட்ட ஒரு நேரத்தில் அவள் அக்காவோடு ஒரு கல்லை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, எதற்கோ சிரிப்பு வந்து, கல்லைக் கீழே வைக்கவும் முடியாமல் தூக்கவும் முடியாமல் நின்றாள். கல்யாணம் பேசியபோது அவளுடைய படம் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். அதில்கூட அவள் அவ்வளவு அழகாக இல்லை.

பாதை திறந்ததும் ஏற்பாட்டை மாற்றினாள். குவிக்கவும் இல்லை, வெறுமையாகவும் விடவில்லை. பாதை சில நாள் மூடினாலும் வேலை நிற்காத அளவுக்குச் சீமெந்து, நிலத்தில் படாமல் பலகை மேல், தாப்பாயால் மூடி. தாப்பாயை நானா சும்மா கொடுத்தார். "ஒங்க வீட்டுக்காரிட்ட சொல்லுங்க தம்பி, எங்கட கடைக்கும் ஒருநாள் வரச்சொல்லி" என்றார். நான் அவருடைய கடையைச் சுற்றிப் பார்த்தேன். ஒருநாள் போதாது என்று தோன்றியது.

முதலில் பால் காய்ச்சியது அக்கா வீட்டில். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக. எங்கள் வீட்டுக்கு வேலை வந்து சேர்ந்தபோது பாஸின் ஆட்கள் ஒருவருக்கொருவர் பேசாமலே வேலை செய்தார்கள். ஒருவர் கை நீட்டும்போது அடுத்தவர் கையில் கல் இருந்தது. பூச்சு முடிந்த அன்று அம்மா சுவரைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். "கடைசி வீட்டுக்குத்தான் கை நல்லாப் பழகியிருக்கு" என்றாள். மனைவி சட்டென்று வெளியே போய்விட்டாள். கண்ணைத் துடைக்கத்தான் போனாள் என்று எனக்குத் தெரியும்.

பாஸ் போகும்போது நாலு வீட்டிலும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். சில மாதம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார். வலப்பனையில் தன் ஊரில் ஒரு பாலர் பாடசாலைக் கட்டட வேலை எடுத்திருக்கிறாராம். "நங்கி வந்து ஒரு வாரம் நின்னு ஆரம்பிச்சுக் கொடுத்தா நல்லம் தானே. எங்க வீட்டிலயே தங்கலாம்."

அவள் தயங்கினாள். அம்மாதான், "போயிட்டு வா புள்ள. இங்க எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்" என்றாள். நான் சந்தைக்கு மரக்கறி ஏற்றிய லொறியிலேயே அவளை நுவரெலியா வரை கூட்டிப்போய் வலப்பனை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

வாரக் கடைசியில் திரும்பி வந்தாள். பாஸின் மனைவி அம்மாவுக்கென்று கித்துள் மரத்துக் கருப்பட்டி கொடுத்துவிட்டிருந்தார். அம்மா அதைக் கடித்துக்கொண்டே விசாரித்தாள். "அவங்க வீடு எப்படி? பெருசா?"

"சின்ன வீடுதான் மாமி. மனுசங்க தங்கம். ஆனா..." என்று நிறுத்தினாள். "செவரு இன்னும் பூசல. கல்லு அப்படியே தெரியுது. பல வருசமா அப்படித்தானாம். அடுத்தவங்க வீட்ட முடிச்சிட்டு வந்தா அடுத்த வீடு காத்திருக்காம்."

அம்மா கருப்பட்டியைக் கீழே வைத்தாள். எழுந்து, புதுப் படிக்கட்டில் இறங்கி, நேரே அக்கா வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நீண்ட விடுமுறைக்கு நாலு குடும்பமும் என் லொறியில் வலப்பனைக்குப் போனோம். மணலும் சீமெந்தும் கூடவே ஏற்றியிருந்தோம். சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு எல்லாம் பெண்கள் மடியில். பாஸிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. வாசலில் லொறி நின்றதும் அவர் இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். எங்களைப் பார்த்தார், மணலைப் பார்த்தார், திரும்பித் தன் சுவரைப் பார்த்தார். உள்ளே போய்த் தன் சாந்துக் கரண்டிகளையெல்லாம் எடுத்துவந்து எங்கள் கைகளில் கொடுத்தார்.

அன்று முழுக்க எங்களுக்கு ஏச்சுத்தான். மூன்றாவது வீட்டு அக்கா பூசியதைப் பாஸ் சுரண்டி எடுத்தார், நான் பூசியதை இரண்டு முறை சுரண்டி எடுத்தார். "மல்லி, இது சுவர், ரொட்டி இல்ல தானே!" என்றார். அவருடைய மனைவி வெற்றிலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்று, ஒரு கண்ணில் சிரிப்பும் ஒரு கண்ணில் தண்ணீருமாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னேரம் வெயில் சாய்ந்து வந்து, ஈரம் காயாத அந்தச் சுவர் முழுக்க விழுந்தது. அம்மா போய் பாஸின் மனைவியை வாசல்படியில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒருவர் மொழி மற்றவருக்குச் சரியாகத் தெரியாது. இருவரும் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, நாங்கள் விட்ட கோணல்களை ஒவ்வொன்றாக விரலால் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.